பெல்ட்டுக்கு விளக்கு இல்லை

கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடது பக்கத்தில், கிக்கர் கவருக்குள்ளே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. எஞ்சினின் பலம் முழுவதும் அதன் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. தினமும் வண்டி ஓட்டுகிறவர்களில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு வண்டி நிறுத்தினாலே நிறைந்துவிடும் மெக்கானிக் கடையில் உட்கார்ந்துதான் நானும் அதைப் பார்த்தேன்.

மந்தைவெளியிலிருந்து ஒரு பெண் வந்தார். "வண்டி ஸ்டார்ட் ஆகுதுண்ணா, ஆனா இழுக்கவே மாட்டேங்குது. லைட் எதுவும் எரியல." மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகிக் காது கொடுத்தார். "லைட் எரியாதுக்கா. பெல்ட்டுக்கு லைட்டே கிடையாது."

கவரைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டியது. அத்தனையும் பெல்ட் தேய்ந்த தூள். பெல்ட்டை எடுத்துப் பின்பக்கமாக மடித்துக் காட்டினார். பற்களின் அடியில் மயிரிழை போன்ற விரிசல்கள் வாயைத் திறந்தன. முன்பக்கப் புல்லியோடு சேர்ந்த வேரியேட்டருக்குள் ஆறு ரோலர்கள். வேகம் கூடும்போது இவை வெளிப்பக்கம் ஓடித் தட்டை நெருக்க, பெல்ட் முன்பக்கப் புல்லியில் மேலேறும். கியர் மாற்றும் வேலை முழுவதும் அவ்வளவுதான். இந்த வண்டியில் ரோலர்கள் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டிருந்தன. பெல்ட்டும் அகலம் குறைந்து, மேலே ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகமெடுக்க மறுக்கிறது.

இந்தப் பெல்ட் முறை புதிதல்ல. ஹாலந்தின் டாஃப் கார் 1958-லேயே பெல்ட்டில் ஓடியது. நம் சாலைகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது 1980-களில் கைனடிக் ஹோண்டா. மெரினா மணலில் போலீஸார் ரோந்து போகும் நான்கு சக்கர வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகை வண்டிகள் பலவும் இதே பெல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன.

மீட்டரில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்து, கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தபின் ஸ்கூட்டர்களில் இது பரவலாகிவிட்டது. சென்சார், இன்ஜெக்டர் போன்றவற்றின் கோளாறுகளைத்தான் அது சொல்லும். சில ஹோண்டா வண்டிகளில் அது கண்சிமிட்டும் கணக்கை இவர் விரல்விட்டு எண்ணுகிறார்: நீளமாக ஒருமுறை, குட்டையாக இருமுறை என்றால் 12, அதாவது இன்ஜெக்டர். ஸ்கேனர் வாங்க வசதியில்லாத சின்னக் கடைகளுக்கு இந்தக் கணக்கு பெரிய துணை. ஆனால் பெல்ட் நாளைக்கே அறுந்துவிடும் என்றாலும் அந்த விளக்கு வாய் திறக்காது. யமஹா ஏராக்ஸ் 155 மீட்டரில் பெல்ட் மாற்றச் சொல்லித் தனி அறிவிப்பு உண்டு. அதுவும் ஓடிய கிலோமீட்டரை எண்ணுகிறதே தவிர, பெல்ட்டின் நிலையை அறியாது. அந்த அளவுக்காவது எல்லா ஸ்கூட்டரிலும் இருந்தாக வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி நடுரோட்டில் திடீரென்று நிற்கக் கூடாது.

பெல்ட் மாட்டுவதுதான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த வேலை. கையில் கிரீஸ் படாமல் துடைத்துக்கொண்டு, அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்கும்படி வைத்தார். பின்பக்கப் புல்லியின் இரு தட்டுகளையும் விரித்துப் பெல்ட்டை ஆழமாக உள்ளே அழுத்தினார். முன்பக்கம் அது தொளதொளவென்று தொங்கியது. அப்படித் தொங்கினால்தான் முன்பக்கப் புல்லியின் நட்டை முடுக்கலாம். பெல்ட் இடையில் மாட்டிக்கொண்டால், நட்டு இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். நாலு நாள் ஓடியதும் தளர்ந்து கிராங்க் பல்லைத் தின்றுவிடும். கடைப் பையனை அந்த நட்டை அவர் இன்னும் தொடவிடவில்லை. பெல்ட் விலையைப் பேசாமல் கொடுப்பவர்கள்கூட இந்தக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பெல்ட் பொதுவாக 20,000 முதல் 24,000 கிலோமீட்டர் வரை வரும். ஆனால் மெட்ரோ வேலையால் லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் அடிக்கு அடி நின்று நகரும் வண்டிகளுக்கு இவர் அந்தக் கணக்கை நம்புவதில்லை. 15,000 தாண்டினாலே கவரைத் திறக்கிறார். உணவு டெலிவரி செய்யும் பையன்களின் வண்டிக்கு அதற்கும் முன்பே.

மழைக்காலம் வேறு கதை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், தண்ணீரில் நின்ற ஸ்கூட்டர்கள் இந்தச் சந்து முழுக்க வரிசைகட்டின. பெல்ட் கவருக்குள் காற்றுப் போகும் வழியிலேயே தண்ணீரும் புகுந்துவிடும். ஈரப் பெல்ட் வழுக்கும், சூடேறும், பக்கங்கள் கருகும். முழுகிய வண்டியைச் செல்ஃப் அடித்துப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு வரச் சொல்கிறார். எஞ்சின் ஆயிலைப் பார்த்துவிட்டு, பெல்ட் கவரைத் திறந்து, காற்றடித்து, புல்லிகளை உலர்ந்த துணியால் துடைத்து மூட அரை மணி நேரம் போதும் என்கிறார்.