சாவி கொடுக்கும் கடிகாரம்

என் விடுதி அறையில் நான்கு கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. நான்கும் சாவி கொடுத்தால் ஓடுவன. இரவில் சாவி கொடுக்க மறந்தால் மறுநாள் நண்பகலுக்குள் நின்றுவிடுவன. நான்கும் ஒரே நேரத்தைக் காட்டிய நாள் இன்றுவரை வாய்த்ததில்லை. "கைபேசியைப் பார்த்தால் நொடி பிசகாமல் நேரம் தெரியும்போது, இந்தப் பழைய இரும்பை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று அறைத்தோழர் வினவுவர். அவர் வினாவில் நியாயம் உண்டு. விடை கூறப் புகுந்து யான் இருமுறை தோற்றிருக்கின்றேன். பேச்சில் தோற்றவன் எழுத்திலாவது முயன்று பார்க்கலாமன்றோ?

அருப்புக்கோட்டைக் கடைவீதியில், ஒரு மருந்துக்கடைத் திண்ணையின் ஓரத்தில், கண்ணாடிப் பெட்டியொன்றை முன்வைத்து அமர்ந்திருக்கும் கடிகாரப் பழுது பார்ப்பவர் ஒருவரே இத்துறையில் எனக்கு ஆசான். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் குழலைச் செருகிக்கொண்டு, சாமணத்தால் ஒரு கடிகாரத்தின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினார். குமிழைத் திருப்புங்கால் சிறு பேழையொன்றினுள் சுருண்டு கிடக்கும் எஃகு வில் இறுகுகின்றது. அது விரிய முயலும் விசை பற்சக்கரங்களின் வழியே செல்லுகின்றது. தடுப்பாரின்றி விட்டால் அவ்வில் கண்மூடித் திறக்குமுன் விரிந்து தீர்ந்துவிடும். அங்ஙனம் விடாது, பல் பல்லாகத் தடுத்தும் விடுத்தும் நிற்பது நங்கூரம் போன்றதொரு சிறு நெம்பு. அந்நெம்பினை அசைப்பது, மயிரிழையனைய சுருளோடு வலமும் இடமும் ஆடும் சமன்சக்கரம். எச். எம். டி. ஜனதா என்னும் கடிகாரத்தில் இத்துடிப்பு மணிக்கு 18,000, நொடிக்கு 5, நாளொன்றுக்கு 4,32,000. அச்சுகள் தேயாதிருக்க 17 கெம்புக் கற்கள் பதித்திருப்பர். அவை செயற்கைக் கற்களே. மாணிக்கம் அகப்படுமென்று கருதித் தம் மாமனாருடைய கடிகாரத்தை உடைத்துப் பார்த்த ஒருவரை என் ஆசான் அறிவார்.

குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. திட்பத்தில் அதனோடு என் நான்கும் போட்டியிட மாட்டா. ஆயினும் அவ்வதிர்வைக் கண் காணாது, காதும் கேளாது. சாவிக் கடிகாரத்திலோ காரணமும் காரியமும் கண்முன்னே நடக்கின்றன. நேற்றிரவு என் கட்டைவிரல் செய்த வேலையே இன்று பகல் முழுதும் முள்ளை நகர்த்துகின்றது என்றெண்ணுவதில் எனக்கொரு மகிழ்ச்சி.

இவை நம் நாட்டிற்கு வந்த வரலாறும் சுவையுடையது. ஐரோப்பாவில் 1914-ஆம் ஆண்டுப் போருக்கு முன்னர், கைக்கடிகாரத்தைப் பெண்டிர் அணிகலனாகவே ஆடவர் பலரும் கருதினர். அகழிகளில் நின்ற போர்வீரர்க்குச் சட்டைப் பையைத் துழாவ நேரமில்லாமற் போகவே அஃது ஆடவர் மணிக்கட்டிலும் ஏறிற்று. நம்மவருள் வசதியுடையோர் நெடுங்காலம் சுவிட்சர்லாந்து நாட்டு பாவர்-லூபாவும் வெஸ்ட் எண்டும் அணிந்தனர். 1961-ல் பெங்களூரில், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச். எம். டி. தொழிற்சாலை கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்னும் பெயர்கள் அதன்பின் வீடுதோறும் புகுந்தன. திருமணத்தில் மாப்பிள்ளைக்குக் காஞ்சன் வேண்டுமென்று பேசி முடித்த குடும்பங்கள் பல. 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளருட் பெரும்பாலோர் வேலையிழந்தனர். நம் மாநிலத்து ஓசூரிலிருந்து டைட்டன் எழுந்ததும் எச். எம். டி. தளர்ந்தது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச். எம். டி. கடிகார நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது. மூடப்போகின்றார்கள் என்ற செய்தி பரவிய பின்னரே, அதுவரை திரும்பிப் பாராதோரும் அதனைத் தேடி அலையலாயினர். யானும் காலந்தாழ்ந்து வந்த அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

இனி என் பாட்டனாரைப் பற்றிக் கூற வேண்டும். அவர் திருச்சுழிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்தவர். இரமண மகரிஷி பிறந்த ஊரென்று திருச்சுழியைப் பலரும் அறிவர். அதனைச் சூழ்ந்த நிலத்தை அறிந்தோர் சிலரே. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல்; இடையிடையே மிளகாய்க் கொல்லை; கோடையிலே கரிசல் வெடித்த பிளவுகளில் ஒரு கை நுழையும். அருப்புக்கோட்டையாருக்குப் பஞ்சாலைச் சங்கு பொழுதறிவிக்கும். அச்சங்கு இவ்வூருக்கு எட்டாது. 1972-ல் மதுரையிலே பெயர் பதிந்து, பல மாதம் காத்திருந்து, என் பாட்டனார் ஒரு ஜனதா வாங்கினார். அந்நாள் முதல் ஊருக்கெல்லாம் பொழுது அவர் மணிக்கட்டில் இருந்தது. பள்ளி மணி அதனைப் பார்த்தே அடிக்கப்பட்டது. பேருந்துக்குப் போவோர் அவர் வீட்டு வாயிலில் நின்று மணி கேட்டுப் போவர்.

கண்மாயில் நீர் குறையும் காலத்து முறைவைத்துப் பாய்ச்சுவது அவ்வூர் வழக்கம். முல்லைப்பாட்டிலே, பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் கன்னலென்னும் நீர்க்கலத்தால் பொழுதளந்து கூறும் செய்தி வருகின்றது. அங்கே நீர் பொழுதை அளந்தது. எங்களூரிலே பொழுது நீரை அளந்தது. ஓரிரவு இரு பங்காளிகளுக்கிடையே முறை பற்றிப் பூசல் மூண்டு, மண்வெட்டியைத் தூக்கும் அளவிற்கு முற்றிவிட்டது. "வாத்தியார் கடிகாரம் சொல்லட்டும்" என்று இருவரும் உடன்பட்டனர். விடியும்வரை மடையருகே அரிக்கேன் விளக்குடன் நின்று, ஒவ்வொருவர்க்கும் ஒன்றரை மணி நேரமாக இவர் அளந்து கொடுத்தார். மடைப்பலகை சிக்கிக்கொண்டபோது கடிகாரத்தைக் கழற்ற மறந்து கையை நீருள் விட்டுவிட்டார். ஜனதா நீர் புகாக் கடிகாரம் அன்று. முகப்பில் நான்காம் எண்ணுக்குக் கீழே பிறைபோல் ஒரு பழுப்புக் கறை படிந்தது. அக்கறை நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது.

அதனை நீக்கியவன் யானே.

ஈராண்டுகளுக்குமுன், அவர் பிறந்தநாளுக்கு வியப்பளிக்க எண்ணி, ஓடாமல் நின்றிருந்த அக்கடிகாரத்தைச் சொல்லாமல் எடுத்துச் சென்றேன். என் ஆசான் எண்ணெய் உலர்ந்த உறுப்புகளைத் துடைத்து ஓடச் செய்தார். முகப்பையும் புதுப்பித்துத் தரும்படி வேண்டினேன். "ஓட்டத்துக்குக் கறை இடைஞ்சலில்லை, தம்பி, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். அதனை முதுமையின் சோம்பல் என்று பிழைபட உணர்ந்து, வெளியூர்க் கடையொன்றுக்கு அனுப்பினேன். பளிங்கு போல் வந்தது. யான் பெருமிதத்தோடு பாட்டனார் கையில் வைத்தேன். அவர் சிறிது நேரம் பார்த்தார்.

"யாருடையது தம்பி இது?"

"உங்களுடையதுதான் தாத்தா. புதுப்பித்துக் கொண்டுவந்தேன்."

காதருகே வைத்துக் கேட்டார். "ஆமாம், ஓசை நம்முடையதுதான்" என்றார். பின்னர், நான்காம் எண்ணுக்குக் கீழே கட்டைவிரலை ஒருமுறை தடவினார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

பழைய முகப்பைத் திரும்பப் பெற முயன்றேன். தனித் தகடு ஏதுமில்லை, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அதே தகட்டில்தான் புதுப்பூச்சுப் பூசினோம் என்று அக்கடையார் விடையளித்தனர். அவர்மேற் குற்றமில்லை; யான் கேட்டதையே செய்தனர். இங்ஙனம் வண்ணம் பூசப்பெற்றவை இன்று சந்தையில் மலிந்து கிடக்கின்றன. எழுத்து தடித்திருத்தல், நிமிடக் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருத்தல், தொழிற்சாலை பூசாத பகட்டு வண்ணங்கள் மின்னுதல் ஆகியவற்றால் அவற்றை அறியலாம். பிறநாட்டுத் திரட்டுவோர் நம் நாட்டிலிருந்து செல்லும் கடிகாரங்களை ஐயுறுவது இதனாலேயே. இவ்வறிவெல்லாம் எனக்குப் பின்னர் வந்தது. என் நான்கனுள் பைலட்டின் கருமுகப்பு ஒருபுறம் வெளுத்திருக்கின்றது. பாவர்-லூபாவின் கண்ணாடியில் கீறல் உண்டு. இரண்டையும் அப்படியே வைத்திருக்கின்றேன். எவருடைய கையில் அவை வெளுத்தன, எங்கே கீறலுற்றன என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எங்கேனும் இருக்கக்கூடும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாட்டனாரோடு பத்து நாள் இருந்தேன். அவருக்குக் கட்டைவிரலில் வலிமை குன்றிவிட்டது. இரவு செபம் முடிந்ததும் கடிகாரத்தை என்னிடம் நீட்டிச் சாவி கொடுக்கச் சொன்னார். கண்களை மூடியவாறே சாய்ந்திருந்தார். யான் மனத்துள் எண்ணிக்கொண்டே திருப்பினேன். பத்தொன்பது ஆனதும், "போதும், வில் இறுகிவிட்டது" என்றார். இன்னும் இரண்டு சுற்றுக்கு இடமிருந்ததென்று என் விரலுக்குத் தெரிந்தது. யான் திருப்பவில்லை.