கார்ன்வால் கடற்கரையில் பத்து நாட்கள்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் இலண்டன் மாநகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் ஆக்ஸ்போர்டையும் ஒரு நடை கண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்நாட்டு மக்கள் விடுமுறை கிடைத்தால் எங்கே செல்கின்றனர் என்று விசாரித்தால், கடற்கரைக்கு என்றே விடை வரும். அப்படி அவர்கள் குடும்பத்தோடு நாடிச் செல்லும் கடற்கரை மாவட்டங்களுள் ஒன்று கார்ன்வால். நாட்டின் தென்மேற்கு மூலையில், நீட்டிய காலைப்போல அது அட்லாண்டிக் மாகடலுக்குள் கிடக்கிறது. மூன்று புறமும் கடல். கிழக்கே டெவன் மாவட்டத்தினின்றும் அதனைப் பிரிப்பது டேமார் ஆறு. என் தங்கை அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். சென்ற ஜூன் மாதம் அவள் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். நம் சங்கத்து அன்பர் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று அந்நாட்டில் இருப்பதால், அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு இக்குறிப்புகள் பயன்படக்கூடும்.

இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து மாவட்டத்தின் கடைக்கோடியிலுள்ள பென்சான்ஸ் ஊருக்கு 305 மைல். சனிக்கிழமை நீங்கலாக மற்ற நாட்களில் படுக்கை வசதியுள்ள இரவு வண்டி ஒன்று உண்டு. நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுக் காலையில் கொண்டு சேர்க்கும். ஆயினும் முதன்முறை செல்வோர் பகல் வண்டியில் செல்வதே நன்று. எக்ஸிட்டரைத் தாண்டியதும் டாலிஷ் என்னுமிடத்தில் இருப்புப்பாதை கடல் மதிலின்மீதே செல்கிறது. அலை எழும் நாட்களில் திவலைகள் சன்னலில் வந்து அறையும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடித்த புயலில் அம்மதில் உடைந்து, தண்டவாளங்கள் அந்தரத்தில் ஊஞ்சல்போல் தொங்கின. இரவு பகலாக வேலை செய்து ஏப்ரலில் மீண்டும் வண்டியை ஓட்டினர். அந்த இரண்டு மாத காலமும் கார்ன்வாலுக்கு இரயில் தொடர்பே இல்லை.

பிளிமத்தை விட்டதும் டேமார் ஆற்றின்மீது வருவது புரூனல் என்னும் பொறியாளர் கட்டிய இரும்புப் பாலம். 1859இல் திறக்கப்பட்டது. பெரிய வளைவுகள் இரண்டும் ஒவ்வொன்றும் 455 அடி நீளம். திறப்பு விழாவுக்கு வர இயலாதபடி புரூனல் நோயுற்றிருந்தார். பின்னர் ஒருநாள் திறந்த வண்டியொன்றில் படுத்தவாறே தாம் கட்டிய பாலத்தைப் பார்த்துக்கொண்டு சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார். அவர் பெயரும் ஆண்டும் பாலத்தின் இரு முகப்பிலும் பெரிய எழுத்துக்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இருப்புப்பாதை உத்தியோகத்தில் இருப்பவன் ஆதலால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வகுத்த பாதையின் அகலம் ஏழடிக்குச் சற்று மிகுதி. நம்முடைய அகலப்பாதையே ஐந்தடி ஆறங்குலம்தான். 1892 மே மாதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கூடி, எக்ஸிட்டருக்கு மேற்கே எஞ்சியிருந்த அகன்ற பாதை முழுவதையும் இரண்டே நாளில் குறுக்கிவிட்டனர். நம் பக்கத்தில் மீட்டர் பாதை மாறுவதற்காகப் பல்லாண்டு காத்திருந்தோர் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊருக்குக் கிளைப்பாதை செல்கிறது. நாலேகால் மைல் தூரந்தான். ஆனால் பாதை முழுவதும் கடலைப் பார்த்தபடி, பாறை விளிம்பிலேயே வண்டி ஊர்கிறது. இறங்கியதும் வெண்மணற் கரை. வெயில் விழும்போது நீர் பச்சையும் நீலமுமாக ஒளிர்வதைக் கண்டு குளிக்கலாமென்று இறங்கியவன் கணுக்கால் நனைந்தவுடனேயே கரையேறிவிட்டேன். ஜூன் மாதத்திலும் அக்கடல் நமக்குக் குளிர்நீரே. அவ்வூரார் உடலை இறுக்கும் இரப்பர் ஆடை அணிந்து, பலகையின்மேல் அலையேறி விளையாடுகின்றனர். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நாட்டியிருக்குமாயின் அவற்றுக்கிடையே மட்டும் குளிக்கலாம். கறுப்பும் வெள்ளையுமான கட்டக்கொடி பலகைக்காரர்களுக்கு உரியது. செங்கொடி பறந்தால் இறங்கவே கூடாது. இவ்விதிகளைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். கையிலுள்ள தின்பண்டத்தைப் பறித்துச் செல்லும் கடற்காக்கைகளையும் பற்றிச் சொல்லிவைக்கலாம். அவை நம் வீட்டுக் காக்கையைவிடப் பன்மடங்கு பெரியவை, அச்சமே அற்றவை.

அழகிய அவ்வூரில் குடியிருக்க வீடு கிடைப்பதுதான் அரிது. வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை வாங்கி ஆண்டில் சில வாரமே தங்குவதால், குளிர்காலத்தில் தெருத்தெருவாக விளக்கு எரிவதில்லை என்று என் தங்கை கூறினாள். உள்ளூர் இளைஞர் வாடகை கொடுக்க மாட்டாமல் வெளியேறுகின்றனர். 2016இல் அவ்வூரார் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போருக்கே உரியவை என்று விதி செய்தனர். வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் அதனை ஆதரித்தனர்.

பென்சான்ஸுக்கு அருகே மராஸையன் என்னும் சிற்றூரின் எதிரில், கடலுக்குள் ஒரு குன்று. குன்றின்மேல் பழைய கோட்டை. செயின்ட் மைக்கேல் குன்று என்பர். கடல் வற்றியிருக்கும் நான்கு மணி நேரம் கல் பாவிய பாதையில் நடந்தே செல்லலாம். நீர் ஏறிவிட்டால் பாதை மூழ்கிவிடும், பிறகு படகுதான். "நேரப் பட்டியலைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம், அண்ணா" என்று தங்கை எச்சரித்தாள். ஒவ்வொரு நாளும் நேரம் மாறுவதால் முதல்நாள் பட்டியல் மறுநாளைக்கு உதவாது. காலையில் பாதம் நனையாமல் நடந்து சென்ற வழியில் பிற்பகல் படகேறித் திரும்பியது விசித்திரமாகவே இருந்தது.

உணவைப் பற்றிச் சைவ அன்பர்கள் கவலை கொள்ளலாம். பாஸ்டி என்பது அந்நாட்டின் பெயர்பெற்ற பண்டம். சோமாசியைப் பெரிதாக்கி அடுப்பில் சுட்டதுபோல் இருக்கும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒருவகைக் கிழங்கு ஆகியவற்றை உள்ளே வைத்து விளிம்பை முறுக்கி மடிப்பது மரபு. ஆனால் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த சைவ பாஸ்டியும் கடைதோறும் உண்டு; கேட்டு வாங்க வேண்டும். பிற்பகலில் தேநீரோடு ஸ்கோன் என்னும் மெத்தென்ற ரொட்டியும், பழப்பாகும், கெட்டியான பாலேடும் தருகின்றனர். பாகை முதலில் பூசி அதன்மேல் ஏடு வைப்பது கார்ன்வால் முறை. ஆற்றுக்கு அக்கரையில் டெவன்காரர் ஏட்டை முதலில் வைக்கின்றனர். இதன்பொருட்டு இரு மாவட்டத்தாரும் ஓயாது வழக்காடுகின்றனர். இரண்டு விதமாகவும் உண்டு பார்த்தேன், சுவையில் வேறுபாடு தெரியவில்லை.

நிலமுனை எனப் பெயர்பெற்ற லேண்ட்ஸ் எண்டில் கடைகளே மிகுதி, அரைமணி போதும். அதற்கு முன்னுள்ள போர்த்கர்னோ விரிகுடாவில் அரைநாள் செலவிடலாம். அங்கே பாறைச் சரிவில் மைனாக் என்னும் திறந்தவெளி நாடக அரங்கு இருக்கிறது. ரொவீனா கேட் என்ற அம்மையார் தம் தோட்டக்காரரைத் துணைகொண்டு கல்லை உடைத்து, படியமைத்து, ஆண்டுக்கணக்கில் கட்டியது. 1932இல் ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தை முதலில் அங்கே நடித்தனர். அரங்கின் பின்திரை கடலே. கீழே கடற்கரையில் ஒரு தந்திக் காட்சிசாலை இருக்கிறது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ், மால்ட்டா, ஜிப்ரால்டர், போர்த்துகல் வழியாக வந்த கடலடித் தந்தித் தொடர் கரையேறிய இடம் இதுதான். அதுவரை கப்பலில் வாரக்கணக்கில் சென்ற செய்தி, நிமிடக்கணக்கில் போய்ச் சேரத் தொடங்கிற்று. அந்தச் சிறு மணற்பரப்பில் நின்று அதை எண்ணிப் பார்ப்பது ஓர் அனுபவம்.

நான் கார்ன்வாலுக்குச் சென்றதில் சொந்த ஆவல் ஒன்றும் இருந்தது. என் தாய்வழிப் பாட்டனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வடஆர்க்காட்டிலிருந்து அங்கே போன தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1880 முதல் அச்சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தார் மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்களை வரவழைத்தனர். தம் தந்தையார் காலத்துத் துரைகளைப் பற்றிப் பாட்டனார் சொல்வதுண்டு. அவர்கள் இலண்டன் துரைகள் அல்லர், பாறையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடும் சுரங்க வம்சத்தார் என்பார். அவர்கள் ஏன் தம் ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்தனர் என்று அக்காலத்தில் நான் கேட்டதில்லை.

விடை அங்கே கடற்பாறைகளின்மேல் நிற்கிறது. புகைபோக்கியோடு கூடிய பாழடைந்த கருங்கல் எந்திரக் கட்டடங்கள் மாவட்டம் முழுவதும் காணப்படுகின்றன. ஒருகாலத்தில் உலகுக்குச் செம்பும் வெள்ளீயமும் கொடுத்த சுரங்கங்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பு விலை வீழ்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, மெக்ஸிகோ, மைசூர் என்று சுரங்கம் இருந்த நாடெல்லாம் கார்ன்வால் மக்கள் சிதறினர். 'கசின் ஜாக்' என்று அவர்களை அழைத்தனராம். வேலைக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றால் உடனே ஊரிலிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரனை முன்மொழிவார்களாம். மைத்துனனுக்கு வேலை தேடி அலுவலக வாயிலில் நின்ற நம்மவருக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பென்டீன் அருகே ஜீவர் என்னும் வெள்ளீயச் சுரங்கம் 1990 வரை இயங்கிற்று. இப்போது அது காட்சிசாலை. தொழிலாளர் உடை மாற்றும் கூடத்தை மூடிய நாளில் இருந்தபடியே விட்டுவைத்திருக்கின்றனர். அலமாரிகளில் பெயர்கள், தொங்கும் மேலாடைகள், சேறு உலர்ந்த காலணிகள். பிறகு தலைக்கவசம் அணிவித்துப் பழைய சுரங்கத்துள் அழைத்துச் செல்கின்றனர்; கூரை தாழ்ந்து, குனிந்தே நடக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வழிகாட்டியவர் அங்கேயே வேலை பார்த்த முதியவர். நான் கோலார் என்றதும் அவர் நின்றார். "எங்கள் தெருவிலிருந்தும் அங்கே போனவர்கள் உண்டு. இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். 2001இல் மூடிவிட்டார்கள் என்றேன். "காட்சிசாலை உண்டா?" என்றார். இல்லை, எந்திரங்கள் துருப்பிடிக்கின்றன, நீர் நிறைந்துவிட்டது, அங்கு வாழ்வோர் காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, அடுத்த சுரங்க வாயிலில் தலை இடிக்கும், கவனம் என்றார்.

அதற்கு அருகிலுள்ள லெவண்ட் சுரங்கம் கடலடியில் ஒரு மைல் தூரம் சென்றது. ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரம் 1919இல் முறிந்து 31 பேர் மாண்டனர். அங்குள்ள நீராவி எந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட்டிக் காட்டுகின்றனர். ஓடும் நாட்களை முன்கூட்டி அறிந்து செல்க.

இச்சுரங்கங்கள் பலவற்றின் பெயர் 'வீல்' என்று தொடங்குகிறது. அது ஆங்கிலச் சொல்லன்று. சுரங்க வேலையைக் குறிக்கும் கார்ன்வால் மொழிச் சொல். ஊர்ப் பெயர்களில் வரும் 'ட்ரே' என்பது குடியிருப்பு, 'பென்' என்பது முனை, 'போர்த்' என்பது துறை. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூலைக் கட்டாயமாக்கியபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதன்பின் அம்மொழி மேற்கே மேற்கே ஒதுங்கி, மீனவர் குடிசைகளில் மட்டும் எஞ்சியது. மௌஸல் என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த டாலி பென்ட்ரீத் என்ற மூதாட்டி 1777இல் இறந்தார். அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் அவரே என்பது வழக்கு. அறிஞர் சிலர் இதனை மறுப்பர். 1904இல் ஹென்றி ஜென்னர் இலக்கண நூல் வெளியிட்டது முதல் ஆர்வலர்கள் அதனைத் திரும்பக் கற்கின்றனர். சரளமாகப் பேசுவோர் சில நூறு பேர்தாம். ஆயினும் தெருப் பலகைகளில் இரு மொழியிலும் எழுதுகின்றனர். சில தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகின்றனர். என் தங்கையின் மகன், வயது ஏழு, காலையில் என்னைக் கண்டதும் "மிட்டின் டா" என்பான். காலை வணக்கம் என்று பொருளாம். தமிழில் நான் கேட்பது அவனுக்குப் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது.

மௌஸலை ஆங்கில எழுத்தின்படி படித்தால் எலி வளை என்றாகும். அப்படி உச்சரித்தால் சிரிப்பார்கள். 1981 டிசம்பர் 19ஆம் நாள் புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சென்ற உயிர்காப்புப் படகோடு இவ்வூரார் எட்டுப் பேர் மடிந்தனர். கிறிஸ்துமஸ் விளக்குகளால் துறைமுகம் ஒளிரும் அந்நாட்களில், ஆண்டுதோறும் அதே தேதியில் ஒரு மணி நேரம் விளக்குகளை அணைத்து வைக்கின்றனர். அங்கிருந்து மேடேறிச் சென்றால் பால் என்னும் சிற்றூர். தேவாலயச் சுற்றுச்சுவரில் டாலி பென்ட்ரீத்துக்கு 1860இல் நாட்டிய கல் இருக்கிறது. நெப்போலியன் குடும்பத்து இளவரசர் ஒருவர், மொழியாராய்ச்சி வல்லவர், அதனை நாட்டச் செய்தவர். மருமகன் கல்லிலுள்ள எழுத்துக்களைக் கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, அந்தப் பாட்டி கடைசி ஆள் என்றால் யாரோடு பேசினாள்?" என்று கேட்டான். கேட்டது தமிழில். தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவனுக்குத் தமிழிலேயே விடை சொல்ல முயன்றுகொண்டே மேட்டை விட்டு இறங்கினேன்.

மாலையில் பென்சான்ஸுக்குத் திரும்பும் பேருந்துகள் குறைவு. நேரம் பார்த்துத் துறைமுகத்தருகே வந்து நிற்க வேண்டும்; ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பொழுது போனதே தெரியாது.