முந்தானைச் சிரிப்பு

பென்னாகரத்துச் சித்தி சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். வெட்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். காரணம் பல். முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள், ஓரங்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள். "வெத்தல போட்டே கெடுத்துக்கிட்டா" என்பார்கள். அவர் வெற்றிலையைத் தொட்டதே இல்லை.

கறை வந்தது தண்ணீரிலிருந்து. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்துக்கடியில் கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றின் கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைந்து நீரில் சேரும். கிணறுகள் வற்ற வற்ற, போர் ஆழமாக இறங்கியது. பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த நீர் குடத்துக்கு வந்தது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் வெளியே தெரிவதற்கு முன்பே, ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயதில் குடித்த நீர்தான் பின்னால் கறையாகத் தெரிகிறது. பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

சித்தி எப்போதும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார். கிருமி சாகும், சரி. ஆனால் ஆவியாவது நீர் மட்டும்தானே, ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன?

இத்தனைக்கும் காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது. அந்த நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-இல்தான். அதற்குப் பிறகு பிறந்தவள் சித்தியின் பேத்தி. போன வாரம் வீடியோ காலில் விழுந்த பல்லைக் கையில் வைத்துக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.