என் முதல் தப்புக் கணக்கு

'வரி' என்ற சொல்லைப் பார்த்ததும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள்! இதிலும் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் கண்ணீர்கூட உண்டு. கண்ணீர் என்னுடையதுதான்.

கிருஷ்ணகிரியில் பி.காம். முடித்த கையோடு, ஓசூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பஸ்ஸில் போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். "பெண்ணுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "வரி ஆபீஸ்" என்றே சொல்லி வைத்தாள். அதை நம்பி எதிர்வீட்டு அத்தை தம் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன், கண்ணு" என்றார்கள்!

ஓசூரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அசோக் லேலண்ட் லாரியும், டி.வி.எஸ். வண்டியும், டைட்டன் கைக்கடிகாரமும் செய்கிற ஊர். பெரிய ஆலைகளைச் சுற்றி, ஒன்றிரண்டு லேத்து மெஷினை வைத்துக்கொண்டு பிழைக்கிற சிறு பட்டறைகளும் ஏராளம். ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். காலையில் இங்கே கடைந்த சாமான், மத்தியானத்துக்குள் எல்லைக்கு அந்தப்புறம் போய் இறங்கிவிடும்.

முன்பெல்லாம் எல்லையில் வணிக வரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அந்தச் சாவடியும் போயிற்று. எல்லையே ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது ரஸ்தாவை விட்டுப் பில்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதினைந்து இடங்கள். முதல் இரண்டும் மாநிலத்தின் அடையாளம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து, கம்பெனியின் பான் எண். ஆகவே, ஒரே கம்பெனிக்கு இரண்டு மாநிலத்திலும் ஆலை இருந்தால், இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெற்றவளுக்கே குழப்பம் வரும். பயிற்சிக்கு வந்த எனக்கு வராதா?

ஓர் அக்காவின் பட்டறை எங்கள் கட்சிக்காரர். மெஷினைப் புருஷன் பார்த்துக்கொள்வார். பில்லும் வங்கியும் அக்கா பொறுப்பு. அக்கா அனுப்பிய சாமான் கர்நாடகத்து ஆலைக்குப் போயிருந்தது. 1,20,000 ரூபாய்ச் சரக்கு. நூற்றுக்கு 18 வீதம் வரி 21,600. அக்கா பில்லைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கணக்கில் ஏற்றிய நான், 29-க்குப் பதிலாக அதே கம்பெனியின் 33-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

"தொகை ஒன்றுதானே, என்ன மோசம்?" என்பீர்கள். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மொய் நோட்டு, பெண் வீட்டாருக்கு ஒன்று. நீங்கள் கொடுத்த பணம் மாறி எழுதப்பட்டால் என்ன ஆகும்? பணம் கொடுத்தும் கொடுக்காதவராகிவிடுவீர்கள்! மாநிலத்துக்குள்ளேயே விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. எல்லை தாண்டினால் முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. என்று மத்திய அரசிடம் போய், பிறகு சாமான் போய்ச் சேர்ந்த மாநிலத்துக்குப் பங்கு வரும். நான் எழுதியது தப்பு நோட்டில்.

11-ந் தேதிக்குள் விற்பனைக் கணக்கைக் கொடுத்தோம். 20-ந் தேதிக்குள் வரியும் கட்டியாயிற்று. அதற்குப் பிறகுதான் வந்தது தகவல்: "உங்கள் பில் எங்கள் கணக்கில் வரவில்லை. வந்த பிறகுதான் வரிப் பணம் தருவோம்."

நான் பில்லை எடுத்துப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. "அக்கா பில்லிலேயே தப்பு" என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மனசு சொல்லிற்று. பிறகு நேரே ஆடிட்டர் அறைக்குப் போய், "சார், தப்பு என்னுடையது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதம்மா. அதை நீயே போய் அந்த அம்மாவிடம் சொல்லு" என்றார். கோபித்துக்கொண்டிருந்தாலே தேவலை!

வழி இதுதான்: கணக்கைத் திருத்தி, ஐ.ஜி.எஸ்.டி.யைப் புதிதாகக் கட்டவேண்டும். முன்பு தவறிக் கட்டியதை இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். இப்படி மாற்றிக் கட்டுவதற்கு வட்டி கிடையாது. ஆனால், மறுபடி ஒரு 21,600-க்கு அந்தப் பட்டறை எங்கே போகும்? சனிக்கிழமை இரண்டு ஆட்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து வரியைக் கட்டினார்கள். தள்ளுபடியில் 3,000 ரூபாய் போயிற்று. சட்டம் வட்டி கேட்கவில்லை, சீட்டு கேட்டுவிட்டது! அன்று பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

பயிற்சி முடிந்த நாளன்று சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப இருந்தேன். ஆடிட்டர், "திங்கட்கிழமை முதல் சம்பளத்துக்கு வந்துவிடு" என்றார். எனக்குப் புரியவில்லை. "தப்புச் செய்யாதவர்கள் கிடைக்கமாட்டார்கள். அன்றைக்கே வந்து சொல்கிறவர்கள் கிடைப்பதும் அபூர்வம்தான்" என்றார்.

முதல் சம்பளத்தில் 3,000 ரூபாயை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அக்கா கவரைத் தொடவே இல்லை. "என் பெண் பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில் வந்து கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடு. போதும்" என்றார்கள். இரண்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பெண் கெட்டிக்காரி. நான் பலகையில் எழுதும் எண்ணை இரண்டு முறை சரிபார்க்கிறாள்! யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பி.காம். படித்த பெண் இருக்கலாம். 'வரி வேலை வறண்ட வேலை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சனிக்கிழமைக் கூலி இருக்கிறது. அவள் அந்த வேலைக்குப் போனால் 11-ந் தேதியும் 20-ந் தேதியும் வீடு திரும்ப நேரமாகும். கோபித்துக்கொள்ளாமல், கொஞ்சம் ரசத்தைச் சுடவைத்துக் காத்திருங்கள்.

என் அம்மா அப்படித்தான் காத்திருக்கிறாள்.