ஹவில்தார் வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

வேலூர்ப் பக்கத்தில் ‘பட்டாளம்’ என்ற சொல் எல்லோர் வீட்டிலும் புழங்குகிற சொல். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், இல்லையென்றால் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். சுவரில் சீருடைப் படம், பரணில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்க் பெட்டி, மாதம் ஒருமுறை மிலிட்டரி கேன்டீன் என்று வாழ்க்கையே அதைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆனால், இந்த ஊர்களில் ‘பட்டாளத்துக்குப் போறான்’ என்றால் சிப்பாயாகப் போகிறான் என்றுதான் அர்த்தம். அதே ராணுவத்தில் அதிகாரியாகச் சேர ஒரு வழி இருக்கிறது, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பட்டாளத்து வீடுகளிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், “அதெல்லாம் ஆபீசர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு” என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படி ஒரு வீட்டில்தான் பி.எஸ்சி கணிதம் இறுதியாண்டு படித்த ஒரு பெண், “நான் ஆபீசருக்கு எழுதப் போறேன்” என்றாள். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு வங்கி ஏ.டி.எம்மில் இரவுக் காவலர். அம்மா, அந்த 22 வருடமும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்.

அம்மாதான் தடுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால், “வேணாம்” என்று சொன்னது அப்பா.

அப்பா சொன்ன காரணம்

உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. கல்யாணம் தள்ளிப் போகும் என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

குப்வாராவில் இருந்தபோது அவருடைய கம்பெனிக்கு ஒரு லெப்டினன்ட் வந்தாராம். 23 வயது இருக்கும். ரோந்துக்குப் போன இடத்தில் ஒரு ஜவான் இறந்துபோனார். அன்று ராத்திரி அந்த லெப்டினன்ட், இறந்தவரின் வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். எழுதுவார், கிழிப்பார். மறுபடியும் எழுதுவார்.

“சிப்பாய்க்கு அவன் உயிர் மட்டும்தான் பாரம். ஆபீசருக்கு முப்பது பேரோட உயிர். நீ சொல்ற ஒரு வார்த்தையில ஒருத்தன் வீடு இருட்டாயிடும். அந்தப் பாரத்த நீ தூக்க வேணாம் பாப்பா” என்றார்.

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். “நீங்க போனப்ப யாரக் கேட்டுட்டுப் போனீங்க? அவ கேட்டுட்டாவது போறா. எழுதட்டும், விடுங்க.”

அப்பா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சம்மதமும் சொல்லவில்லை.

தாளில் இரண்டு, தடையில் ஒன்று

கல்லூரியில் என்.சி.சி-யைக் கவனித்துக்கொண்ட ஆசிரியை மூலமாகத்தான் அவளுக்கு விவரம் தெரிந்தது. யு.பி.எஸ்.சி ஆண்டுக்கு இரண்டு முறை சி.டி.எஸ் தேர்வை நடத்துகிறது. டேராடூனில் இருக்கும் இந்திய ராணுவ அகாடமி, கேரளாவின் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாடமி, ஐதராபாத் அருகே துண்டிகலில் இருக்கும் விமானப்படை அகாடமி, சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ எனப்படும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி ஆகியவற்றுக்கு இந்தத் தேர்வு ஒரு வாசல். ஓ.டி.ஏ-வில் சேர எந்தப் பட்டம் என்றாலும் சரி. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

பரங்கிமலை அகாடமி 1963-ல் தொடங்கியது. சென்னை விமான நிலையம் போகிற வழியில் அதன் மதிலைப் பார்க்காதவர்கள் குறைவு. 1992-ல் ராணுவம் மருத்துவப் பிரிவுக்கு வெளியேயும் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ஆரம்பித்தபோது, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது இந்த இடம்தான்.

ஓ.டி.ஏ-வுக்கு எழுதுபவர்களுக்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள்கள். தலா 100 மதிப்பெண், தலா இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். கணிதத் தாள் மற்ற அகாடமிகளைக் கேட்பவர்களுக்கு மட்டும். கணிதம் படித்த பெண்ணுக்குக் கணிதமே கைகொடுக்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு ஆங்கிலம்தான் பெரிய தடையாக இருந்தது.

பொது அறிவுக்குப் பள்ளிக்கூடத்துச் சமச்சீர் புத்தகங்களையே மறுபடி எடுத்தாள். ஆங்கிலத்துக்கு நூலகத்தில் தினமும் ஒரு தலையங்கம். புரியாத சொல்லை நோட்டில் எழுதி, பஸ்ஸில் போகும்போது படிப்பாள். இன்னொரு பயமும் இருந்தது. இறுதியாண்டில் விண்ணப்பிப்பவர்கள், குறிப்பிட்ட தேதிக்குள் பட்டம் முடித்ததற்கான சான்று கொடுக்க வேண்டும். எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் ஜெயித்துவிட்டு, கடைசி செமஸ்டரில் ஒரு அரியர் வைத்தால் எல்லாம் வீண். அதனால் அந்த வருடம் அவள் இரண்டு படிப்பு படித்தாள்.

இடங்களும் கொஞ்சம்தான். 2024-ன் இரண்டாவது சி.டி.எஸ் அறிவிப்பில் ஓ.டி.ஏ-வுக்கு ஆண்களுக்கு 276 இடங்கள், பெண்களுக்கு 19. நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பத்தொன்பது.

எழுத்துத் தேர்வில் அவள் பெயர் வந்தது.

ஐந்து நாள்

காட்பாடியில் ரயில் ஏற்றிவிட அம்மா வந்திருந்தார். அப்பாவுக்கு டியூட்டி.

பெங்களூரில் நடக்கும் எஸ்.எஸ்.பி எனப்படும் தேர்வு வாரிய நேர்காணல் ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டல். புத்திக்கூர்மைக் கேள்விகள், அதன் பிறகு மங்கலான ஒரு படம். 30 விநாடி பார்த்துவிட்டு, நான்கு நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். இதில் தேறாதவர்கள் அன்றே பெட்டியோடு கிளம்பிவிட வேண்டியதுதான்.

அவள் குழுவில் இருந்தவர்கள் புனே, அம்பாலா என்று ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய ஆங்கிலம் மழை மாதிரி கொட்டியது. அவள் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்து நான்கே வாக்கியம் பேசினாள். அந்த நான்கும் தெளிவாக இருந்தன. மாலையில் அவளுக்கு மார்பு எண் கிடைத்தது. இனி ஐந்தாம் நாள்வரை அவளுக்குப் பெயர் இல்லை, அந்த எண்தான்.

மறுநாள் உளவியல் தேர்வு. 12 படங்களுக்கு 12 கதைகள். அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளை, கதையை நாமே கொண்டுவர வேண்டும். பிறகு 60 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 15 விநாடி, மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அடுத்து 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். யோசித்து நடிக்க நேரமே கிடையாது. ஆள் எப்படியோ அப்படியே தாளில் வந்து விழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அவசரம்.

கடைசியாக ஒரு தாள். உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டும். 15 நிமிடம்.

அம்மாவைப் பற்றிய வரிகள் சரசரவென்று வந்தன. ‘அப்பா’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. லீவில் வருவார், ஆப்பிள் கொண்டுவருவார், போய்விடுவார். தன்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? ‘பிடிவாதக்காரி என்று நினைக்கிறார்’ என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த வரி வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மைதானம். பலகை, கயிறு, பீப்பாய். சிவப்பு பூசிய இடத்தைத் தொடாமல் குழுவாகச் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இங்கே ஆங்கிலம் இரண்டாம்பட்சம். பலகை எட்டுமா எட்டாதா என்பதை அவள் கண் சரியாக அளந்தது. அதுவரை அவளைக் கவனிக்காதவர்கள், “நீ சொல்லு” என்று திரும்பிப் பார்த்தார்கள்.

தனி நேர்காணலில் அதிகாரி கேட்டார். “நீங்கள் இங்கே வந்ததில் உங்கள் அப்பாவுக்குச் சந்தோஷம்தானே?”

“இல்லை சார். அவருக்கு விருப்பமில்லை” என்றாள். காரணத்தையும், அந்த லெப்டினன்ட் கதையையும் சொன்னாள்.

“அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?”

“இன்னும் சொல்லவில்லை சார்.”

ஐந்தாம் நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தார்கள். அவள் எண் அதில் இல்லை. ஏன் இல்லை என்று வாரியம் யாருக்கும் சொல்வதில்லை.

ஒன்பதாவது ஆள்

இந்த இடத்தில்தான் நிறைய பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். பரீட்சையில் தோற்றால் ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே ஐந்து நாள் ஆளையே பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். ‘நானே சரியில்லையோ’ என்று தோன்றிவிடும்.

அப்துல் கலாம் இளைஞராக இருந்தபோது விமானப்படையில் சேர டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்கள் எட்டு. திரும்பும் வழியில் ரிஷிகேஷுக்குப் போய் சுவாமி சிவானந்தரைச் சந்தித்து மனம் தேறியதை அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் குடியரசுத் தலைவராக முப்படைகளுக்கும் தலைவர் ஆனார். 2006-ல் புனேயில் சுகோய் போர் விமானத்திலும் பறந்தார். ஒன்பதாவதாக வந்தவரிடம் என்ன குறை இருந்தது? இடம் எட்டுதான் இருந்தது, அவ்வளவுதான்.

வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம். மூன்றாவது, நான்காவது முறை போய்த் தேறியவர்கள் ராணுவத்தில் எத்தனையோ பேர்.

அப்பா எழுதிய தாள்

ஊருக்கு வந்து இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு கோடு போட்ட தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

“என்னைப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்களோ அத எழுதுங்கப்பா. அங்க கேட்டாங்க. எனக்குத் தெரியல.”

“எவ்ளோ எழுதணும்?”

“எவ்ளோ வேணா. எனக்குப் பதினஞ்சு நிமிஷம் குடுத்தாங்க.”

அவர் ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டார். காலையில் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஆறு வரி இருந்தது.

‘பயப்படுவாள். பயந்துகொண்டே போவாள், நிற்க மாட்டாள். யாராவது அழுதால் பேசாமல் பக்கத்தில் போய் உட்காருவாள். சொன்ன சொல்லை மறக்க மாட்டாள். ஆபீசருக்கு இது போதுமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியில் இருந்த லெப்டினன்ட் இப்படித்தான் இருந்தார்.’

அன்று சாயங்காலம் அவர் எழுந்ததும் அவள் டீயோடு போய் உட்கார்ந்தாள்.

“அந்த லெட்டர யாராவது ஒருத்தர் எழுதித்தானே ஆகணும்பா? அலட்சியமா எழுதற ஒருத்தர் எழுதினா நல்லாவா இருக்கும்?”

அப்பா டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “ஷூ பாலிஷ் உனக்குச் சரியா வரல. காலையில காட்டித் தரேன்” என்றார்.

அடுத்த முறை

அந்த வருடம் அவள் அரியர் இல்லாமல் பட்டம் முடித்தாள். என்.சி.சி ‘சி’ சான்றிதழும் ‘பி’ கிரேடோடு வந்தது. அந்தச் சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 சதவிகித மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு வழி ஒன்று ராணுவத்தில் உண்டு. எம்.எஸ்சி முதலாண்டில் சேர்ந்தபடியே அதற்கு விண்ணப்பித்தாள். இந்த முறை காட்பாடிக்கு அப்பாவும் வந்தார்.

ஐந்தாம் நாள் அவள் எண்ணை வாசித்தார்கள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மருத்துவப் பரிசோதனையில் கண், காது, பல், பாதம் என்று ஒன்றையும் விட மாட்டார்கள். அதில் தேறிய பிறகும், இருக்கிற இடங்களுக்கு ஏற்ற தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வேண்டும். வந்தால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி, அப்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, பிறகு லெப்டினன்ட். முதலில் பத்தாண்டுப் பணி, விரும்பினால் இன்னும் நான்கு ஆண்டுகள் நீட்டிப்பு. பெண்களுக்கும் நிரந்தரப் பணி வாய்ப்பு தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

மருத்துவப் பரிசோதனை முடிந்து, இப்போது அந்தப் பட்டியலுக்காகத்தான் வீடு காத்திருக்கிறது.

பயிற்சி முடிகிற நாளில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையின் தோளில் ஸ்டார் குத்தச் சொல்வார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பீரோவிலிருந்து அரக்கு கலர் பட்டுப்புடவையை எடுத்து, “அன்னிக்கு இது போதுமா, புதுசு எடுக்கணுமா?” என்று கேட்கிறார்.

“மொதல்ல லிஸ்ட் வரட்டும்” என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு, தன் பழைய மெடல்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்.