கண்ணுக்கு ஒரு மாத்திரை

முன்பெல்லாம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கோடாலித் தைலம் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். தலைவலிக்கும் அதுதான், முழங்கால் வலிக்கும் அதுதான். இப்போது அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைகள் கண் மாத்திரை கொண்டுவருகிறார்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பா, மேலே பளிச்சென்று ஒரு கண் படம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கேட்டால் மாமாவுக்கும் ஒன்று. யாருக்குக் கண்ணில் என்ன கோளாறு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. வயதாகிவிட்டது, கண் மங்குகிறது, ஆகவே மாத்திரை.

என் அத்தைக்கும் ஒரு டப்பா வந்தது. காலையில் இட்லி முடிந்ததும் பிரசாதம் மாதிரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "பெரியவன் அனுப்பினதுடா, வெல ஜாஸ்தியாம். இப்பக் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிதான் இருக்கு" என்பாள். அடுத்த மூச்சிலேயே, ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, பஞ்சாங்கத்து எழுத்து கலங்கலாக இருக்கிறது என்று புகாரும் சொல்வாள். பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கிப்போனால் அதை எந்த வைட்டமினும் தெளிய வைக்காது. எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மாத்திரையால் அத்தைக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் 'தெளிஞ்ச மாதிரி' இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஆபரேஷன் வருஷக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

அந்த மாத்திரை சந்தையில் விற்கும் லேகியமாக இருந்தால் கேலி செய்துவிட்டுப் போய்விடலாம். அப்படி இல்லை. அதற்கு நல்ல பூர்வீகம் உண்டு. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் ஆயிரக்கணக்கான முதியவர்களை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. டப்பாக்களில் 'ஏரெட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது அந்த ஆய்வின் பெயர்ச்சுருக்கம். வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம்: இதுதான் அந்தக் கலவை. தாமிரம் கண்ணுக்காகச் சேர்த்ததல்ல. துத்தநாகத்தை இவ்வளவு அதிகமாகக் கொடுத்தால் உடம்பு தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்து ரத்தசோகை வரலாம் என்பதால் துணைக்கு அனுப்பியது.

இந்தக் கலவை எந்த நோய்க்கு? விழித்திரையின் நடுவே மாக்குலா என்று ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. ஊசிக் காது, பேருந்துப் பலகை, பேத்தியின் முகம் எல்லாவற்றையும் கூர்மையாகக் காட்டுவது அந்தச் சின்ன இடம்தான். சிலருக்கு முதுமையில் அதன் அடியில் கழிவு படிந்து, மெல்ல மெல்ல நடுப் பார்வையே போய்விடும். ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. இந்த மாக்குலா சிதைவு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிப்போய் மறு கண்ணைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும்தான் மாத்திரை உதவியது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 100க்கு 28 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றியது. முழுக் கலவையை எடுத்தவர்களில் 20 பேருக்கு. எட்டுப் பேரின் பார்வை சின்ன விஷயமல்ல. ஆனால் கவனியுங்கள், போன பார்வை யாருக்கும் திரும்பி வரவில்லை, போவது தாமதப்பட்டது. நோயே இல்லாதவர்களுக்கும் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கும் பலன் தெரியவில்லை. கண்புரையை அது தடுக்கவும் இல்லை. இவ்வளவையும் அந்த ஆய்வே சொல்லியது. டப்பாவில் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தபால்கார அண்ணாச்சி இருக்கிறார், ஓய்வுபெற்றுவிட்டார். ஒரு நாள் கதவு நிலை அவருக்கு நெளிந்து தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் நேராகிறது, மறு கண்ணை மூடினால் வளைகிறது. ஆள் விவரமானவர், மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வளைத்துக் காட்டிய கண்ணில் மாக்குலாவுக்கு அடியில் ரத்தக் கசிவு, ஊசி போட்டார்கள். மறு கண் நடுத்தர நிலை. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அத்தை விழுங்கியது எவருக்காக உண்டானதோ அந்த ஆள் அண்ணாச்சிதான்.

ஆனால் அவர் கையில் வைத்திருந்த டப்பா வேறு. சீட்டில் எழுதியது கிடைக்கவில்லை, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று மெடிக்கலில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்து அட்டவணையைப் படித்தால் அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. அண்ணாச்சி வேலையில் இருந்த காலமெல்லாம் பீடி பிடித்தவர், விட்டுப் பல வருஷம் ஆகிறது. "இது வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "கேரட்டுச் சத்துதானே தம்பி, அது என்ன பண்ணிப்புடும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் புகைப்பவர்கள். கேரட்டுச் சத்து நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, கொடுக்கப்பட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேரட் சாப்பிட்டால் இந்த ஆபத்து இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, அளவைக் கூட்டி, புகை குடித்த நுரையீரலுக்குள் நாள்தோறும் அனுப்பும்போதுதான் சங்கதி மாறுகிறது. கண் நிறுவனமே தன் இரண்டாவது ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தது. 2013இல் வந்த முடிவுப்படி பலன் குறையவில்லை, புற்றுநோய்ப் பயமும் இல்லை. அந்த ஆய்விலும் பீட்டா கரோட்டின் பிரிவில்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகம். அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் புகையை எப்போதோ விட்டவர்கள். ஆகவே பீடி, சிகரெட் பழக்கம் இருந்த எவரும், நிறுத்தி எத்தனை காலம் ஆனாலும், அட்டவணையில் இந்த ஒரு பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி டப்பாவை மாற்றிக்கொண்டார்.

லூட்டின் என்றதும் ஏதோ ரசாயனக் கூடத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆயுத பூஜைக்கு லாரி முகப்பில் மாலையாகத் தொங்குகிறதே, அந்தச் செண்டுமல்லிப் பூவிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். பண்டிப்பூர் காட்டைத் தாண்டிக் குண்டலுப்பேட்டைப் பக்கம் பருவத்தில் போனால் சாலையின் இருபுறமும் ஆரஞ்சு வயல்கள். கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதில் பெரும் பங்கு கோயிலுக்குப் போவதில்லை, சாறு எடுக்கும் ஆலைக்குப் போகிறது. அதே சாயத்தைக் கோழித் தீவனத்தில் கலந்தால் மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும். கோழி தின்று நமக்கு முட்டையில் தருவதையும், பிள்ளை டாலர் கொடுத்து டப்பாவில் அனுப்புவதையும் ஒரே பூ தருகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கீரையிலும் அது நிறைய உண்டு. வேகவைத்த பாலக் கீரை 100 கிராமில் ஏறத்தாழ 11 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை அளவுக்கு மேலே. இந்தச் சத்து எண்ணெயில்தான் கரையும், ஆகவே எண்ணெய்க்குப் பயந்து வெறும் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுவதைவிடத் தாளித்துக் கடைவது மேல். பொன்னாங்கண்ணி தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப் பார்த்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. இருந்தாலும் கண்ணில் நோயில்லாத ஒருவர் கண்ணுக்கென்று எதையாவது சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், என் ஓட்டு கீரைக்காரம்மாவுக்கு. (ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று கீரையைக் கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

சத்து மருந்தே ஏமாற்று என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. நம் மண்ணிலேயே அது உயிர் காத்திருக்கிறது. போன தலைமுறை வரை மாலைக்கண் இங்கே சர்வசாதாரணம். பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும், முற்றினால் கருவிழியே உருகிப் பார்வை போகும். காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதற்கு முன்பே இந்தக் குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மையம் நடத்தியவர். திருச்சி மாவட்டத்தில் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தப் பிரிவில் குழந்தை மரணம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு ஊட்டுகிறார்களே, அந்த வைட்டமின் ஏ திரவத்தை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள், அதனால் பலித்தது. மூன்று வேளையும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதே வைட்டமின் ஏவை அள்ளிக் கொடுத்தால் கூடுதலாகப் பார்வை வராது. ஈரலில் போய்ச் சேரும், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் அளவு மீறினால் கருவுக்கே ஆபத்து. மீன் மாத்திரை என்று இரண்டு வகை விற்கிறார்கள்: மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி உண்டு, ஒமேகா-3 மீன் எண்ணெய் வேறு. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வழங்குகிறது, பார்த்து வாங்க வேண்டும். அந்த ஒமேகா-3யும் உலர்கண்ணுக்கு நல்லது என்று பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டது. 2018இல் வந்த பெரிய ஆய்வில் ஆலிவ் எண்ணெய் நிரப்பிய வெற்றுக் குளிகையைவிட அது மேலாக இல்லை. கணினி முன் உட்கார்ந்து கண் எரிகிறது என்கிற இளைஞர்கள் மாத்திரை தேடுவது இன்னும் வீண். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்குப் பெரும் காரணம் அதுதான். சிமிட்டுவதற்குக் காசு வேண்டாம்.

இங்கே விற்கும் டப்பாக்களில் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அப்படி. கண் படம் அரைப்பக்கம், இந்த வரி எறும்பு அளவு. ஏரெட்ஸ் பெயரைப் போட்டுக்கொண்டு அளவில் பாதிகூட இல்லாத சரக்கும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மில்லிகிராமைச் சீட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

நம் ஊரில் கண்ணைப் பறிப்பது மாக்குலா சிதைவு மட்டுமல்ல. சர்க்கரை நோய் விழித்திரையைச் சத்தமில்லாமல் அரிக்கிறது. கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வருகிறது. இரண்டையும் தடுக்கும் சத்து மாத்திரை எதுவும் இல்லை, ஆனால் காலத்தில் கண்டுபிடித்தால் இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வரும்போது டப்பாவுக்குப் பதிலாக ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். அப்பா அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாமல், சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் வருஷம் ஒருமுறை கட்டாயம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. அதனால்தான் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறேன்.