சோள மாவும் சொந்த மண்ணும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அறிய நூலகத்துக்குப் போவோர் பலர். அதன் அடுப்படிக்குப் போவோர் சிலரே. பசியைப் பற்றி எழுதலாம், உணவைப் பற்றி எழுதலாகாது என்று கருதுவோரும் நம்மிடையே உளர். அது விசித்திரமான நியாயம். கடந்த மார்கழி விடுமுறையில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள என் தமையனார் வீட்டில் தங்கியிருந்தபோது, பீக்கோ யூனியன் பகுதியில் எல் சல்வடோர் நாட்டவர் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடையொன்றுக்கு நான்கைந்து முறை சென்றேன். அங்கு உண்டது நாவுக்கு இனித்தது. அறிந்தது நெஞ்சை உறுத்தியது.

ஆறே மேசைகள். அவற்றுக்கு அப்பால் அகன்றதோர் இரும்புக் கல். அதன் முன் நின்ற பெண், ஈரமான சோள மாவை உருட்டிக் குழித்து, பாற்கட்டியும் மசித்த அவரையும் அரைத்த பன்றியிறைச்சியும் வைத்து மூடி, இரு கைகளாலும் தட்டித் தட்டி வட்டமாக்கிக் கல்லில் இடுவார். இதுவே புபூசா. லொறொக்கோ என்னும் கொடியின் பூமொட்டைப் பாற்கட்டியோடு சேர்த்துச் செய்வதும் உண்டு. வினாகிரியில் ஊறிய கோவாவும் கரட்டும் கலந்த குர்த்தீதோவை மேலே இட்டு, தக்காளிச் சாறு ஊற்றிக் கையாலேயே உண்பார்கள். கையால் உண்டு வளர்ந்த எனக்கு வேறு உபசாரம் வேண்டியிருக்கவில்லை. உருகிய பாற்கட்டியின் கொழுப்பைக் குர்த்தீதோவின் புளிப்பு அடக்க, மூன்றாவதையும் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

ஸ்பானிய மொழி அறிந்த என் பெறாமகள் துணையிருந்தாள். நான் தமிழாசிரியன் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பெண் கைவேலையை நிறுத்தி ஏதோ சொன்னார்.

“சித்தப்பா, இவவின் பாட்டிக்கு வேறொரு பாஷை தெரியுமாம். அடுப்படியிலே மட்டும் தனக்குள்ளே முணுமுணுப்பாவாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லையாம்.”

அந்த மொழி நாவாத். பிப்பில் என்னும் பூர்வகுடிகளின் மொழி. அதை அவர்கள் ஏன் அடுப்படிக்குள் ஒளித்தார்கள் என்பதற்கு வரலாறு விடை கூறும். சோளமும் அவரையும் விளைந்த ஊர்ப்பொது நிலங்களை 1881, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒழித்தன. கோப்பி முதலாளிகள் அவற்றைக் கைக்கொண்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்துவந்த அதே காலத்தில், அங்கே கோப்பி குடியானவனின் வயலை விழுங்கிற்று. 1929 இன் பின் உலகச் சந்தையில் கோப்பி விலை வீழ்ந்தது, கூலியும் வீழ்ந்தது. 1932 தை மாதத்தில் மேற்குப் பகுதியின் ஏழை விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஜெனரல் மார்த்தினெசின் இராணுவம் கொன்றொழித்தோர் தொகை பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரை என மதிப்பிடப்படுகிறது. பூர்வகுடியின் உடையும் பேச்சுமே குற்றத்தின் சான்றுகளாயின. பிள்ளைகள் உயிரோடிருக்க வேண்டுமென்று தாய்மார் தம் மொழியை விழுங்கினர்.

பேசும் நாவை அச்சுறுத்த முடிந்தது. சுவைக்கும் நாவை அச்சுறுத்த முடியவில்லை. சுண்ணாம்பு நீரில் சோளத்தை வேகவைத்து அரைக்கும் பழைய முறை கைமாறி வந்தது. அம்முறையால்தான் சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடம்பிற் சேர்கிறது. சோளத்தைக் கொண்டுசென்ற ஐரோப்பியர் இவ்வறிவைக் கொண்டுசெல்லவில்லை. அதனால் வட இத்தாலியிலும், பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா நோயால் மாண்டனர். தானியத்தை எடுத்துக்கொண்டு, அதை விளைவித்தவனின் அறிவை இகழ்ந்ததன் விலை அது.

இன்றும் அந்த இகழ்ச்சி வேறு வடிவில் தொடர்கிறது. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய 75,000 பேர் மாண்டனர். எல் சல்வடோர் அரசுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது ஐக்கிய அமெரிக்கா; அந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தோரின் புகலிட மனுக்களில் மிகப் பெரும்பாலானவற்றை அக்காலத்தில் நிராகரித்ததும் அதே நாடுதான். அவர்களே அந்நகரங்களின் சமையற்கட்டுகளிலும் கட்டட வேலைத்தலங்களிலும் உழைத்தனர். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் இன்று எல் சல்வடோரின் தேசிய உற்பத்தியில் ஐந்திலொரு பங்குக்கும் மேற்பட்டது. 2005 இல் அந்நாட்டுச் சட்டசபை புபூசாவைத் தேசிய உணவாக்கி, நவம்பர் இரண்டாம் ஞாயிறை அதற்குரிய நாளாக அறிவித்தது. உணவுக்கு விழா எடுப்பது எளிது. அதைத் தட்டும் கைகளுக்குத் தம் மண்ணிலேயே வாழ வழி செய்வதுதான் அரிது.

ஆகவே, சுவையை மட்டும் பாராட்டிவிட்டு எழுந்து போகும் உண்பவனை நான் நம்புவதில்லை. வயிறு நிறைந்தபின் கேட்கவேண்டிய கேள்விகள் உள. இந்த நிலம் யாருடையது? இந்தக் கைகள் ஏன் இவ்வளவு தூரம் வந்தன? இவர்களின் பாட்டி எந்த மொழியில் அழுதாள்?

மொழியின் கதை முற்றாக முடிந்துவிடவில்லை. சொன்சொனாத்தே பிரதேசத்தின் சாந்தோ டொமிங்கோ டி குஸ்மான் என்னும் ஊரில் 2010 இல் ஒரு மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியைகள், நாவாத் பேசத் தெரிந்த மூதாட்டிகள். அடுப்படியில் முணுமுணுத்த சொற்களைக் குழந்தைகளின் நடுவே அமர்ந்து உரக்கச் சொல்கிறார்கள். பட்டமும் சான்றிதழும் பெற்று வகுப்பறையில் நிற்கும் நம்மனைவர்க்கும் அவர்கள் மூத்த ஆசிரியர்கள்.